தொழிற்சாலைக்குள் போகாமல் பாதுகாப்பு அலுவலர் ஆக முடியாது: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல் முதுநிலை மாணவர்களுக்கு இறுதி ஆண்டில் இருந்துவந்த தொழிற்சாலை உட்பயிற்சி இனிக் கட்டாயமில்லை, அதற்கு ஈடாக இணையவழிப் பாடம் ஒன்றை முடித்துச் சான்றிதழ் கொடுத்தால் போதும் என்று தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைப் படித்தேன். மாணவர்களுக்கு இடம் கிடைப்பதில் உள்ள சிரமத்தை அதற்குக் காரணமாகக் காட்டியிருக்கிறீர்கள். சிரமம் உண்மைதான். பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் சிரமத்தைத் தீர்த்துவையுங்கள் என்று கேட்டவர்களுக்குப் பயிற்சியையே எடுத்துவிடுவது எந்த வகையில் பதிலாகும்? உட்பயிற்சியை மீண்டும் கட்டாயமாக்குங்கள். அதற்கான இடத்தைப் பல்கலைக்கழகமே பெற்றுத் தாருங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இடம் தேடுவது எப்படி நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாதது அல்ல. கல்லூரி முத்திரை வைத்த ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அதில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்காது. வாயிற்காவலர் அதை வாங்கி உள்ளே போன் செய்வார். வெயிலில் நிற்க வேண்டும். மனிதவளப் பிரிவிலிருந்து ஒருவர் வந்தால் அது நல்ல நாள். வருபவர் கேட்கும் முதல் கேள்வி எல்லா இடத்திலும் ஒன்றுதான்: "உள்ளே உங்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு? காப்பீடு இருக்கிறதா?" அவர் கேட்பது நியாயம். நாங்கள் படிக்கும் படிப்பே அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம். கடிதத்தோடு வாசலில் நிற்கும் மாணவன் என்ன சொல்வான்? என் வகுப்புத் தோழி ஒருவரிடம், உலைப் பக்கம் பெண்களை விடுவதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் சிலர் பணம் கட்டி, உள்ளே கால் வைக்காமலே சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

தொழிற்சாலைதான் கிடைக்கவில்லை, ஆய்வகமாவது இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் துறையில் நான்கு வாயுக்களை அளக்கும் கருவி ஒன்று உண்டு. ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் அது காட்ட வேண்டும். அதன் சென்சார்கள் ஆயுள் முடிந்து போனவை. பொத்தானை அழுத்தினால் திரையில் பிழைச் செய்தி வருகிறது. பிறகு கருவி மறுபடியும் பீரோவுக்குள் போய்விடுகிறது. செய்முறைத் தேர்வில் அந்தக் கருவியின் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தோம். மதிப்பெண்ணும் வாங்கினோம்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு கருவியைச் சரியாகக் கையாளத் தெரியாததால் மனிதர்கள் சாகிறார்கள். சாயப்பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியிலோ தோல் தொழிற்சாலையின் குழியிலோ ஒருவர் இறங்கப் போகிறார் என்றால், முதலில் ஆக்சிஜனை அளக்க வேண்டும். அது 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கவே கூடாது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தீப்பற்றும் வாயுவுக்கான சென்சார் காட்டும் அளவையும் நம்ப முடியாது. அதனால்தான் இந்த வரிசை. மேலே ஒரு இடத்தில் அளந்தால் போதாது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதா என்று முகர்ந்து பார்த்து இறங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வாயு ஏறக்குறைய 100 பிபிஎம் அளவை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைப்பவர் அடுத்த படியில் கால் வைப்பார். அவரைத் தூக்க இறங்குகிற அண்ணனோ தம்பியோ அவரோடு சேர்ந்து போவதை நாம் செய்தித்தாளில் எத்தனை முறை படித்துவிட்டோம்! இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு சொன்னது. அந்தப் பிரிவை வரி பிசகாமல் எழுதத் தெரிந்த எங்களில் பலர், ஒரு தொட்டியின் வாயருகே நின்றதில்லை.

இந்தப் படிப்புக்கு வருமுன் நான் இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் ஒரு வார்ப்பட ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்தேன். மழைக்காலத்தில் நனைந்த பழைய இரும்பை உலையில் போட்டால் ஈரம் நொடியில் ஆவியாகி, உருகிய இரும்பை வெளியே வாரி அடிக்கும். அங்கிருந்த மூத்த தொழிலாளி ஒருவர், உள்ளே குழியுள்ள துண்டுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துத்தான் உலைக்கு அனுப்புவார். ஆபத்தை நீக்குவது முதல் படி, கவச உடை கடைசிப் படி என்று இப்போது பாடத்தில் படிக்கிறேன். பழைய இரும்பு கிடக்கும் இடத்துக்குக் கூரை போடுவதுதான் அந்த முதல் படி என்பது எனக்குப் புரிவதற்குக் காரணம் அந்தப் பெரியவர். பொறியியல் பட்டம் முடித்து நேராக முதுநிலைக்கு வந்த என் தோழர்களுக்கு அப்படி ஒருவர் கிடைக்க வேண்டாமா? இணையவழிப் பாடத்தில் அவரை எங்கே தேடுவது?

மருத்துவம் படிப்பவர் ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி பெறாமல் மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. பி.எட். படிப்பவர் பள்ளிக்கூடத்துக்குப் போய் மாணவர்கள் முன்னால் நின்றே ஆக வேண்டும். நூற்றுக்கணக்கான தொழிலாளர்களின் உயிருக்குப் பொறுப்பேற்கப் போகிறவருக்கு மட்டும் இந்தச் சலுகை எதற்கு? எங்களில் யாரும் இதைக் கேட்கவில்லை.

இந்தச் சுற்றறிக்கை வந்த நேரமும் வருத்தம் தருகிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 1,000 தொழிலாளர் இருந்தால்தான் தொழிற்சாலைக்குப் பாதுகாப்பு அலுவலர் கட்டாயமாக இருந்தது. ஆபத்தான தொழில்களுக்கு அரசு தனியாக அறிவிக்க முடிந்தது. 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 500 ஆகக் குறைத்தது. ஆபத்தான செயல்முறை உள்ள தொழிற்சாலைக்கும் கட்டுமானப் பணிக்கும் 250, சுரங்கத்துக்கு 100. அதாவது இன்னும் நிறையப் பேர் இந்த வேலைக்கு வேண்டும். அந்த வாசலில் எங்களை அரைகுறையாகக் கொண்டுபோய் நிறுத்துவதா?

250 பேர்கூட இல்லாத இடங்களின் கதை வேறு. பட்டாசு ஆலைகளும் சிறு தோல் கூடங்களும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்ததில் 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 35-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நிவாரணம் அறிவிக்கிறார்கள், குழு அமைக்கிறார்கள். தொட்டிச் சுவரைத் தட்டிப் பார்த்து, "இது தாங்காது, ஆட்களை இங்கே படுக்க வைக்காதீர்கள்" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவரை உருவாக்கும் வேலையை யார் செய்கிறார்கள்? அதைச் செய்யும் இடம் நம் துறை என்று நம்பித்தான் இருந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தங்களிடம் கேட்க வந்தது தங்களால் முடிந்த காரியத்தைத்தான். சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். மாவட்டத்துக்குச் சில தொழிற்சாலைகளோடு பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒப்பந்தம் போடுங்கள். மாணவர்களுக்குக் குழுக் காப்பீடு எடுங்கள். அதற்கான தொகையைக் கட்டணத்தோடு கட்டவும் நாங்கள் தயார். மாணவியரையும் எல்லாப் பிரிவுகளிலும் அனுமதிக்க வேண்டும் என்பதை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒரு முழு செமஸ்டர் தர முடியாவிட்டால், குறைந்தது எட்டு வாரமாவது தொடர்ச்சியாக ஒரே ஆலையில் இருக்க வழி செய்யுங்கள். அந்தக் கருவிக்குப் புதிய சென்சார்களும் வாங்கித் தாருங்கள்.

அடுத்த செமஸ்டர் தொடங்குமுன் தங்கள் குழு கூடும் என்று அறிகிறேன். அந்தக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளும்படியும், எங்களில் இரண்டு பேர் நேரில் வந்து பேச அனுமதிக்கும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொழிலகப் பாதுகாப்புப் பொறியியல்,
முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவன்