கற்பனையின் பொருள்

அன்புள்ள நண்பா,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் உன் வீட்டாரோடும் இருப்பதாக. வீட்டு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பதையும், பேரப்பிள்ளைகள் ஓடியாடுவார்கள் என்று மாடியின் கைப்பிடிச்சுவரை இன்னும் ஓர் அடி உயர்த்தச் சொன்னாய் என்பதையும் படித்து மகிழ்ந்தேன். ஆனால் கடிதத்தின் முடிவில் நீ கேட்டிருந்த கேள்வி இரண்டு நாளாக என்னை விடவில்லை: மனதில் தானாக ஊற வேண்டிய அன்பைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியுமா?

வேதாகமத்தில் உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தை எடுத்துப் பார். புதுவீடு கட்டுகிறவன், ஒருவனும் விழுந்து இரத்தப்பழி தன் வீட்டின்மேல் வராதபடி, மெத்தையை, அதாவது மொட்டைமாடியை, சுற்றிலும் கைப்பிடிச்சுவர் கட்ட வேண்டும் என்கிறது. கட்டட விதியென்று நினைத்து எத்தனையோ முறை அதை நான் தாண்டிப் போயிருக்கிறேன். நீயோ அந்த வசனத்தை நினையாமலே, பிள்ளைகளை நினைத்துச் சுவரை உயர்த்திவிட்டாய். நம் பிள்ளைகளுக்காக நாம் தாமாகவே செய்வதை, முகம் தெரியாத விருந்தாளிக்காகவும் செய்யச் சொல்லுவதுதான் அந்தக் கட்டளை.

"கற்பனையின் பொருள் என்னவெனில், சுத்தமான இருதயத்திலும் நல்மனச்சாட்சியிலும் மாயமற்ற விசுவாசத்திலும் பிறக்கும் அன்பே" என்று அப்போஸ்தலனாகிய பவுல் தம் உடன் ஊழியரான தீமோத்தேயுவுக்கு எழுதினார். கற்பனை என்றால் இங்கே கட்டளை. அங்கே 'பொருள்' என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருக்கும் கிரேக்கச் சொல் 'தெலோஸ்'. போய்ச் சேர வேண்டிய இலக்கு, முடிவு என்று அதற்கு அர்த்தம். கட்டளை வழியென்றால் அன்பு ஊர். வழியிலேயே குடியிருந்துவிட்டவர்களை நாம் இருவரும் அறிவோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். யாத்திராகமம் 23ஆம் அதிகாரத்தில், உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்துகிடக்கக் கண்டால் ஒதுங்கிப் போகாமல் அவனுக்கு உதவிசெய் என்று ஒரு கட்டளை இருக்கிறது. அவனை நினைத்து மனம் உருக வேண்டும் என்று அது கேட்கவில்லை. கைகொடுக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் காட்சியைச் சற்று நினைத்துப் பார்: சுமையின் ஒரு பக்கத்தை அவனும் மறுபக்கத்தை நீயும் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கியாக வேண்டும். பேசாமல் அதைச் செய்ய முடியுமா?

என் தம்பியோடு சொத்துப் பிரிவினையில் ஏற்பட்ட மனக்கசப்பு உனக்குத் தெரியும். ஆறு ஆண்டுகள் அவன் வாசற்படியை நான் மிதிக்கவில்லை. ஆனால் ஒரு ஞாயிறுகூட ஆராதனை தவறவில்லை. போன மாதம் அவன் நோயில் விழுந்தான் என்று கேள்விப்பட்டு, போகாவிட்டால் பாவம் என்ற பயத்தினாலேயே போனேன். அவனுக்குக் கை நடுங்கியதால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டு, அவன் தலையை மெல்லத் தூக்கித் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகும் அவன் என் மணிக்கட்டை விடவில்லை. எந்த நொடியில் என் கோபம் போனது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டளை என்னை அந்தக் கட்டில்வரைக்கும் கொண்டுபோய் விட்டது. அதற்குமேல் நடந்தது தேவனுடைய கிருபை என்றே நம்புகிறேன்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பவுலின் அந்த நிருபம் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டபோது, வேற்றுமையான உபதேசங்களைத் தடுக்கும்படி அவர் எபேசு பட்டணத்திலே நிறுத்தப்பட்டிருந்தார். வெளிப்படுத்தின விசேஷத்தில் அதே எபேசு சபைக்கு ஆண்டவர் சொல்வதைப் படித்துப் பார். பொய்யான அப்போஸ்தலர்களைச் சோதித்துக் கண்டுபிடித்ததற்காகவும், அவர்களுடைய பிரயாசத்துக்காகவும் பொறுமைக்காகவும் பாராட்டிவிட்டு, "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்கிறார். ஒப்படைத்த காவலை அவர்கள் செவ்வையாகச் செய்திருக்கிறார்கள். எதற்காகக் காவல் என்பதுதான் கைநழுவிப் போயிற்று. சபைக் கூட்டங்களில் சட்டதிட்டங்களை எடுத்து நான் வாதாடிய நாட்களை எண்ணும்போது, அந்த வசனத்தைக் கடந்து என்னால் வாசிக்க முடிவதில்லை.

தம்பி இப்போது எழுந்து நடக்கிறான். உன் வீட்டுப் பிரதிஷ்டைக்கு நாள் குறித்ததும் எழுது. அவனையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உன் பழைய நண்பன்