முறுக்கின் ஓட்டத்துக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பேரன்புடையீர்,

வணக்கம். எங்கள் வீட்டு நாய் முறுக்கு, வார இறுதிகளில் நடைபெறும் அஜிலிட்டி என்னும் தடைதாண்டும் போட்டியில் தொடக்கநிலைப் பிரிவைக் கடந்து அடுத்த பிரிவுக்குத் தகுதி பெற்றிருக்கிறான். செய்தி அறிந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்துகிறார்கள். அந்த வாழ்த்தில் பெரும்பங்குக்கு உரியவர்கள் சிங்கப்பூரின் வெவ்வேறு பேட்டைகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. தனித்தனியாகச் சொல்லிவந்த நன்றியை, யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்படி ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று என் மனைவி சொன்னதால் இம்மடலை எழுதுகிறேன்.

இப்போட்டியைப் பார்த்திராத உறவினர்களுக்காகச் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. 1978ல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பின்பற்றி, இடைவேளையில் பார்வையாளர்களை மகிழ்விப்பதற்காக நடத்திய காட்சியே இதன் தொடக்கம். களத்தில் குறுக்குக்கம்புத் தடைகள், குழாய்ச் சுரங்கம், நடைபாலம், சீசா என்னும் ஏறி இறங்கும் பலகை, ஏ வடிவச் சாய்தளம், வரிசையாக நட்ட கம்பங்கள் என்று பல இருக்கும். அவற்றை நடுவர் குறித்த எண் வரிசையில் நாய் கடக்க வேண்டும். உடன் ஓடுபவர் நாயையும் தொடக்கூடாது, தடைகளையும் தொடக்கூடாது. கையில் தின்பண்டமோ பந்தோ வைத்திருக்கக் கூடாது. குரல், கையசைவு, கால் திரும்பும் திசை ஆகியவற்றைக் கொண்டே வழிகாட்ட வேண்டும். தடைகளின் வரிசை போட்டிக்குப் போட்டி மாறும். அன்று காலையில் நாய் இல்லாமல் நாங்கள் மட்டும் சில நிமிடங்கள் களத்தில் நடந்து பார்க்கலாம், அவ்வளவே. ஆக, நாய்க்குக் கொடுக்க வேண்டிய அனைத்தையும் களத்துக்கு வெளியே கொடுத்து முடித்திருக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவர்களைப் பற்றியதே இம்மடல்.

முதல் நன்றி, சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் ஒரு மரப்பட்டறையில் வேலை பார்த்த புதுக்கோட்டைத் தம்பிக்கு. குட்டியாகத் திரிந்த முறுக்குக்குத் தம் இரவுச் சாப்பாட்டில் ஒரு பங்கை எடுத்துவைத்தவர் அவர். வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புமுன், குட்டியை அப்படியே விட்டுப்போக மனமின்றி, தெருநாய்களைக் காக்கும் தொண்டூழியர்களிடம் தகவல் சொன்னார். இல்லையென்றால் இந்தக் கதையே இல்லை. ஒவ்வொரு போட்டியின் காணொளியும் அவருக்குப் போகிறது, முதல் காணொளிக்கு அவர் அனுப்பிய பதிலில் வாழ்த்து எதுவும் இல்லை, "இளைத்துவிட்டானே, சோறு போடுகிறீர்களா இல்லையா?" என்று கேட்டிருந்தார்.

குட்டியை மீட்ட தொண்டூழியர்களுக்கும், சில மாதங்கள் தம் வீட்டில் வைத்துப் பராமரித்த அக்காவுக்கும் நாங்கள் கடமைப்பட்டுள்ளோம். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் ஒரு நாய்க்கே அனுமதி, அதுவும் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். முறுக்கைப் போன்ற உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளில் வளர்க்க வழிசெய்தது 2012ல் தொடங்கப்பட்ட அடோர் திட்டம். 2020ல் உயர வரம்பை 55 சென்டிமீட்டராகக் கூட்டி, எடை வரம்பை நீக்கிய பிறகுதான் அவனை ஒத்த பல நாய்களுக்குக் கதவு திறந்தது. விண்ணப்பம், மைக்ரோசிப், உரிமம், கருத்தடை, கீழ்ப்படிதல் பயிற்சி என்று அத்திட்டம் கேட்ட ஒவ்வொன்றிலும் அந்த அக்கா எங்களுடன் வந்தார். பயிற்சி வகுப்பு கட்டாயம் என்றதும் நான் உள்ளுக்குள் முணுமுணுத்தேன். அந்த வகுப்பின் ஓரத்தில் சாய்த்துவைத்திருந்த தடைகளைப் பார்த்துத்தான் இந்த ஆசையே பிறந்தது. பெயர் வைத்தது என் மாமியார். வால் முறுக்குப் போலச் சுருண்டிருந்தது. வேறு பெயரை யாரும் முன்மொழியத் துணியவில்லை.

எங்கள் பயிற்றுநருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆகவே அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தொழிற்பேட்டையில் வளர்ந்த காரணமோ என்னவோ, இரும்பு மோதும் ஓசை கேட்டால் முறுக்கு வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்டு பதுங்கிவிடுவான். சீசா என்னும் தடையோ ஓசையிலேயே முடிவது: நாய் ஏறி நடுப்பகுதியைத் தாண்டியதும் பலகையின் மறுமுனை இறங்கித் தரையில் "டமார்" என்று அடிக்கும். அதுவரை நாய் பலகையிலேயே இருந்து, முனையில் வண்ணம் பூசிய தொடுபகுதியில் கால் வைத்து இறங்க வேண்டும், குதித்துவிட்டால் பிழை. மற்றத் தடைகளை விரைவில் கற்றுக்கொண்ட முறுக்கு, இப்பலகையைக் கண்டாலே என் பின்னால் ஒளிந்தான். இந்த நாய்க்கு இந்த விளையாட்டு ஒத்துவராது என்று வேறோர் இடத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள்.

எங்கள் பயிற்றுநர் அப்படிச் சொல்லவில்லை. பலகையை மடித்த துண்டுகளின் மேல் இறங்கும்படி வைத்து, அசைவு விரலளவுக்கு மேல் போகாதபடி செய்தார். நாய் ஏற வேண்டியதில்லை; முன்னங்காலால் முனையை அழுத்தினால் போதும். அழுத்தியதும் மெல்லிய ஓசை, உடனே ஒரு துண்டுக் கோழி. ஓசை தன்னால் உண்டாவது, அதனால் தனக்கு ஆதாயம் வருவது என்ற இரண்டையும் நாய் புரிந்துகொண்டால் அச்சம் விலகும் என்றார் அவர். அவன் தானாகவே ஓடிப்போய்ப் பலகையை அறையத் தொடங்கிய பிறகே துண்டுகளை ஒவ்வொன்றாக உருவினார். ஒருமுறைகூட நாயைக் கழுத்துவாரால் இழுத்துப் பலகையில் ஏற்றியதில்லை, என்னையும் இழுக்க விட்டதில்லை. அவசரப்பட்டது நான்தான், அவரோ நாயோ அல்ல. இப்போது பலகை அடிக்கும் ஓசை கேட்டால் முறுக்கின் காதுகள் நிமிர்கின்றன. அடுத்த களத்தில் வேறொரு நாய் சீசா ஏறும்போதும் இவனுக்கு எச்சில் ஊறுகிறது.

அவருடைய மற்றப் பாடங்களில் ஒன்றையாவது குறிப்பிடாவிட்டால் மனம் ஆறாது. 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட 12 கம்பங்களின் ஊடே நாய் வளைந்து வளைந்து ஓட வேண்டும். முதல் கம்பம் அதன் இடது தோளுக்கு அருகில் இருக்குமாறு நுழைய வேண்டும். நான் "நுழை, நுழை" என்று கூவிக்கொண்டிருந்தபோது, "உங்கள் வாய் ஒரு பக்கம் போகச் சொல்கிறது, கால் வேறு பக்கம் சொல்கிறது, நாய் காலைத்தான் நம்பும்" என்றார். அதன் பிறகு வாரக்கணக்கில் நாயில்லாமல் நான் மட்டும் பயிற்சி செய்தேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத் தூண்களுக்கு இடையே ஒரு நடுவயது மனிதர் தனியாகக் கையை நீட்டி ஓடித் திரும்புவதைக் கண்டும் காணாததுபோல் கடந்துசென்ற அண்டைவீட்டாரின் நாகரிகத்துக்கும் இங்கேயே நன்றி.

அடுத்த வீட்டு மக்சிக், அதாவது மலாய் அம்மா, அவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி எழுத வேண்டும். நாயின் எச்சில் பட்டால் தம் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டிய கடமை அவருக்கு உண்டு. ஆகவே நாங்கள் தாழ்வாரத்தில் எதிரெதிரே வரும்போது ஒதுங்குவதும், மின்தூக்கியில் அவர் இருந்தால் அடுத்ததற்குக் காத்திருப்பதும் வழக்கம். நாங்கள் வேலைக்குப் போனபின் முறுக்கு அழுவதை முதலில் கவனித்தவர் அவர்தான். புகார் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எத்தனை மணிக்குத் தொடங்குகிறான், எவ்வளவு நேரம் அழுகிறான் என்று என் மனைவியிடம் பொறுமையாகச் சொன்னார். அதை வைத்தே அவன் காலை நடையின் நேரத்தை மாற்றினோம், அழுகை நின்றது. நோன்புப் பெருநாளன்று அவர் தந்த குவே என்னும் மலாய்ப் பலகாரத் தட்டை நாங்கள் வெறுமையாகத் திருப்பியதில்லை என்றாலும், அந்தக் கணக்கு ஈடாகாது.

நாயைப் பெருவிரைவு ரயிலிலோ பேருந்திலோ ஏற்ற முடியாது. வழிகாட்டி நாய்களுக்கே விலக்கு உண்டு. சொந்த வண்டி இல்லாத எங்களை, விடியுமுன்னரே வந்து அழைத்துச்சென்ற உட்லண்ட்ஸ் வாடகை வாகன ஓட்டுநர் அண்ணனுக்கு நன்றி. முறுக்கின் தோளில் சுளுக்கு ஏற்பட்டபோது, ஓடவிடாமல் எங்களைத் தடுத்துப் படிப்படியாக மீளவைத்த கால்நடை மருத்துவருக்கும் நன்றி.

இனி, போட்டிக்களத் தொண்டூழியர்கள். பார்க்க வருபவர்கள் நாயையும் ஓடுபவரையும் மட்டுமே பார்ப்பதால் இவர்களைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு நாயின் தோள் உயரத்துக்கும் ஒரு பிரிவு உண்டு. பிரிவு மாறும்போதெல்லாம் களத்திலுள்ள எல்லாக் குறுக்குக்கம்புகளையும் ஏற்றி இறக்க வேண்டும். கம்பு விழுந்தால் எடுத்துவைக்க ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர், நாய் ஓடும்போது கொசு கடித்தாலும் அசையக்கூடாது. புள்ளி எழுதுபவரின் நிலை இன்னும் பரிதாபமானது. நடுவர் விரித்த கையை உயர்த்தினால் பிழை, விரல்களை மடக்கிய கையை உயர்த்தினால் தடையை மறுத்த குற்றம். அந்தக் கையைத் தவறவிடாமல் குறிக்க வேண்டியிருப்பதால், அவர் நடுவரையே பார்த்துக்கொண்டிருப்பார், நாயைப் பார்க்கவே முடியாது. நாள் முழுவதும் களத்தின் ஓரத்திலேயே இருந்தும் ஓர் ஓட்டத்தையும் முழுதாகப் பார்த்திராத அந்த இளைஞருக்கு முறுக்கின் காணொளியைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தொடக்கக் கோட்டில் நான் கழற்றிப் போடும் கழுத்துவாரை எடுத்துக்கொண்டு முடிவுக் கோட்டுக்கு ஓடுவதற்கென்றே ஒருவர் இருப்பார். அன்று அப்பணியில் இருந்தவர் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவி. முறுக்கு கடைசித் தடையைத் தாண்டிய வேகத்தில் வெளியேறும் வழியை நோக்கிப் பாய்ந்தபோது, அவர் கத்தவில்லை, துரத்தவுமில்லை. பக்கவாட்டில் திரும்பித் தரையில் குந்தி, வாரின் வளையத்தை விரித்துப் பிடித்தார். அவன் தானே வந்து தலையை நுழைத்தான். நாய்களோடு பழகியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பிற்பகலில் மின்னல் எச்சரிக்கை ஒலித்ததும் எங்களைக் கூரைக்கு அடியில் அனுப்பிவிட்டு, சுரங்கக் குழாய்களை நிறுத்திவைக்கும் மணல்மூட்டைகளைக் கடைசியாகச் சரிபார்த்தவர்களும் இத்தொண்டூழியர்களே. நாய்க்கு வெப்பத்தைத் தணிக்க மூச்சிரைப்பே முதன்மையான வழி. நம் ஊர் ஈரப்பதத்தில் அதுவும் முழுப்பயன் தராது. அதை அறிந்து, வரிசையில் காத்திருந்த ஒவ்வொரு நாய்க்கும் விசிறி, தண்ணீர்த் தொட்டி, நனைத்த துண்டு என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். மனிதர்களுக்குக் காப்பிகூட வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம். அவர்களுடைய முன்னுரிமை சரியானது என்றே கருதுகிறேன்.

வீட்டில் உள்ளவர்களுக்கு நன்றி சொன்னால் சிரிப்பார்கள். இருந்தாலும், சனிக்கிழமை இரவுகளில் கோழி நெஞ்சுக்கறியை உப்பில்லாமல் வேகவைத்துச் சுண்டுவிரல் நகத்தளவு துண்டுகளாக நறுக்கித் தரும் என் மாமியார், முதல் மாதம் நாயைக் கூடத்துக்குள்ளேயே விடக்கூடாது என்றவர் என்பதைப் பதிவுசெய்கிறேன். ஒவ்வொரு ஓட்டத்தையும் படம்பிடித்து, என் கால் எங்கே தாமதித்தது என்று நிறுத்தி நிறுத்திக் காட்டும் மகளுக்கு அன்பு. அந்தத் தொனியைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் மேலும் அன்பு.

அடுத்த பிரிவில் தடங்கள் நீளும், நேர வரம்பு இறுகும். பார்க்க விரும்புவோர் எனக்குச் செய்தி அனுப்பினால் இடமும் நேரமும் தெரிவிக்கிறேன். களத்தின் அருகே வந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதிருந்தால் உதவியாக இருக்கும். கீழ்த்தளக் காப்பிக்கடை அங்கிளுக்கு ஒரு வேண்டுகோள்: போட்டிக்கு முந்தைய நாள் மாலை முறுக்குக்கு பிஸ்கட் கொடுக்க வேண்டாம். மறுநாள் மாலை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள், நானே அழைத்துவருகிறேன்.

நன்றியுடன்,
முறுக்கின் குடும்பத்தார்
அங் மோ கியோ, சிங்கப்பூர்