"உள்ளே வராதீர்கள்" என்று சொன்னவருக்கு

துறைமுக ரேடியோவில் பேசிய அம்மா, விடியற்காலையில் எங்களுக்கு எதிரே வந்த இருவர், பக்கத்துப் படகுப் பெரியவர் எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று நாள் தூங்கி எழுந்த பிறகுதான் இதை எழுத முடிகிறது. அன்றைக்கு உங்களிடம் முறையாக நன்றி சொன்னோமா என்றுகூட நினைவில்லை.

எங்கள் பாய்மரப் படகில் தீவுக்குத் தீவு அரை நாள் ஓட்டம்தான். முன்னறிவிப்பில் 20 நாட் (கடலில் வேகத்தை அளக்கும் அலகு) காற்று என்றிருந்தது. அதில் தப்பில்லை, திறந்த கடலில் அவ்வளவுதான் அடித்தது. மலைத்தீவுகள் இரண்டுக்கு நடுவே உள்ள இடுக்கில் காற்று நெருக்கப்பட்டு வேகம் எடுக்கும் என்பதை நாங்கள்தான் கணக்கில் வைக்கவில்லை. அங்கே 35 நாட், அதாவது மணிக்கு 65 கிலோமீட்டர். வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. பாயில் விழுந்த அழுத்தம் மூன்று மடங்கு. பாயைச் சுருக்கி முடிப்பதற்குள் என் மனைவியின் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு உரிந்து போனது.

துறைமுக விளக்கு கண்ணுக்குத் தெரிந்தபோது இருட்டிவிட்டது. எப்படியாவது உள்ளே போய்விட வேண்டும், வேறு எண்ணமே இல்லை. ரேடியோவில், ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலில் கூப்பிட்டோம். அம்மா, நீங்கள் பதற்றமே இல்லாமல் சொன்னீர்கள்: "உள்ளே வராதீர்கள். வாய்ப்பகுதியில் அலை உடைகிறது. கடலிலேயே நில்லுங்கள்."

அந்த நேரத்தில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அந்த வாயின் இரு பக்கப் பாறைகளையும் பார்த்தபோது எனக்குக் கால் நடுங்கியது.

அப்புறம் நீங்கள் கேட்ட கேள்விகள்! காற்று தள்ளும் திசையில் கரை எவ்வளவு தூரம்? இடுப்பு வாரைப் படகோடு மாட்டியிருக்கிறீர்களா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? முன்பாயைக் காற்று வரும் பக்கமாக இழுத்துக் கட்டி, படகு காற்றை நோக்கித் திரும்பும்படி சுக்கானைக் கட்டச் சொன்னீர்கள். பாய் ஒரு பக்கம் தள்ள, சுக்கான் மறுபக்கம் தள்ள, படகு கிட்டத்தட்ட நின்றேவிட்டது. அதே கடல், அதே காற்று. ஆனால் தூக்கிப் போட்டு அறைவது நின்று மெதுவாக ஏறி இறங்கியது. அதைப் புத்தகத்தில் படித்திருந்தோம். செய்யத் துணிவு தந்தது உங்கள் குரல். விடியும்வரை மணிக்கு ஒருமுறை கூப்பிட்டீர்கள். அடுத்த அழைப்பு வரும்வரை தாங்கினால் போதும் என்றுதான் அந்த இரவைக் கடத்தினோம்.

காலையில் அலை தணிந்ததும் சின்னப் படகில் வந்து வழிகாட்டிய இருவரே, உங்கள் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. அதற்கு எங்களை மன்னியுங்கள்.

பெரியவரே, எங்கள் கட்டுக்கயிறு தேய்ந்து நூலாகக் கிடந்ததை முதலில் கவனித்தது நீங்கள். ஒன்றும் சொல்லாமல் உங்கள் கயிற்றைக் கொண்டுவந்து கட்டினீர்கள். அது படகின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய துணியைச் சுற்றி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். நாங்கள் எழுந்தபோது உங்கள் படகு கிளம்பியிருந்தது.

அந்தக் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து, துணியோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருக்கிறோம். எந்தத் தீவில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறோம்.