முதலில் எண்ணக் கற்றுக்கொடுங்கள்: தேனீ வளர்ப்புப் பயிற்சி அளிப்போருக்கு ஒரு திறந்த மடல்

தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்தும் அலுவலர்களுக்கும், பெட்டிகளை மானியத்தில் வழங்கும் திட்டப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே தேனீ வளர்க்கிறேன். என் தந்தையும் இதே தொழில்தான் செய்தார். அவரிடம் இருந்தவை இந்தியத் தேனீக்கள். 1991, 1992 ஆண்டுகளில் தாய் சேக்புரூட் (Thai sacbrood) என்ற, புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் பரவியபோது, எங்கள் வீட்டு முற்றத்தில் வெறும் பெட்டிகள்தான் மிஞ்சின. அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, இத்தாலியத் தேனீயுடன் நான் மீண்டும் தொடங்கினேன். அதனால் ஒரு கூடு சாவதைப் பார்ப்பது எனக்குச் சிறிய விஷயம் இல்லை. அந்தப் பெட்டிகளின் நினைவோடுதான் இந்த மடலை எழுதுகிறேன். மருந்து வைக்கும் முன் கூட்டில் உள்ள உண்ணிகளை எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். பெட்டியின் பாகங்கள், பூக்கும் பருவங்கள், தேன் விலை, மானிய விண்ணப்பம் என்று நாள் முழுவதும் நன்றாகவே நடந்தது. தேனீயின் உடலில் ஒட்டி வாழ்ந்து கூட்டையே அழிக்கும் வரோவா உண்ணிக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: "85 சதவீத பார்மிக் அமிலம், பெட்டிக்கு 5 மில்லி, குப்பியில் பஞ்சுத் திரி போட்டு வையுங்கள்." எத்தனை நாள் வைப்பது, எந்த வெயிலில் வைக்கக்கூடாது, பலவீனமான கூட்டுக்கும் அதே அளவுதானா, கையில் என்ன அணிவது என்று எதுவும் சொல்லப்படவில்லை. கேட்க எனக்கும் அப்போது தெரியவில்லை.

அது ஏப்ரல் மாதம். தேன் எடுத்து முடித்திருந்தோம். 12 பெட்டிகளில் அமிலம் வைத்தேன். மறுநாள் 34 டிகிரி வெயில். நண்பகலில் தேனீக்கள் பெட்டிக்குள் இருக்க முடியாமல் வாசலில் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மாலையில் அடிப்பலகைக்கு முன்னால் வெள்ளை வெள்ளையாகக் கூட்டுப்புழுக்கள் இழுத்துப் போடப்பட்டிருந்தன. அடுத்த வாரம் திறந்து பார்த்தபோது 3 பெட்டிகளில் ராணி இல்லை. அந்தப் பெட்டிகளில் உண்ணி இருந்ததா என்பதே எனக்குத் தெரியாது. எண்ணிப் பார்க்காமலே மருந்து வைத்திருந்தேன்.

பார்மிக் அமிலத்தின் மீது எனக்குக் கோபம் இல்லை. மூடிய புழு அறையின் மெழுகு மூடியைத் தாண்டி உள்ளே போய் உண்ணியைக் கொல்லக்கூடிய மருந்துகள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. ஆனால் இது வேலை செய்வது ஆவியாக. ஆவி எவ்வளவு வேகமாக எழும் என்பதை வெயில்தான் முடிவு செய்கிறது. வெளிநாடுகளில் விற்கப்படும் பார்மிக் பட்டைகளின் உறையிலேயே, வைக்கும் நாட்களில் பகல் வெப்பம் ஏறத்தாழ 10 முதல் 29 டிகிரிக்குள் இருக்கவேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் ராணியும் இளம் புழுக்களும் சாகும். குளிர் மாநிலத்தின் பருவத்துக்கு எழுதிய குறிப்பை எங்கள் ஏப்ரலுக்கு அப்படியே எடுத்துத் தந்தால் என்ன ஆகும் என்பதை நான் 3 ராணிகளைக் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்க நாங்கள் பயன்படுத்துவதும் இதே பார்மிக் அமிலம்தான். ஷீட் அடிக்கும் பல வீடுகளின் கொட்டகையில் ஒரு கேன் இருக்கும். ஆகவே "அமிலம் வையுங்கள்" என்று நீங்கள் மேடையில் சொன்னவுடன் அது எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்பதில்லை. நேரே கொட்டகைக்குப் போகிறார்கள். பழைய குளிர்பானப் புட்டியில் ஊற்றி எடுத்து வருகிறார்கள். பால் உறைய வைக்கும்போது நிறையத் தண்ணீரில் கலந்து பழகிய கை, செறிவான அமிலத்தையும் அதே அலட்சியத்தோடு தொடுகிறது. தோலில் பட்டால் புண்ணாகும், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம், ஆவியை இழுத்தால் நெஞ்சு எரியும். முகத்தில் கட்டும் துணி இந்த ஆவியைத் தடுக்காது. அமில ஆவிக்கான வடிகட்டி உள்ள முகக்கவசம் வேண்டும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், காற்று முதுகுப்பக்கம் வீசும்படி நிற்பது, கலப்பதாக இருந்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுவது, ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதிருப்பது. இவற்றைச் சொல்ல 10 நிமிடம் போதும். அந்த 10 நிமிடம் இல்லாத வகுப்பில் அமிலத்தின் பெயரையே எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"தேனிலேயே இயற்கையாக இருக்கும் அமிலம்தானே, பயப்பட என்ன இருக்கிறது?" என்று ஒரு பயிற்றுநர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பார்மிக் அமிலமும், உண்ணிக்கு வைக்கும் இன்னொரு அமிலமான ஆக்சாலிக் அமிலமும் தேனில் மிகச் சிறிய அளவில் இருப்பது உண்மை. அந்த அளவுக்கும் கேனில் உள்ள 85 சதவீதத்துக்கும் உள்ள தூரத்தைச் சொல்லாமல் அந்த உண்மையை மட்டும் சொல்வது கேட்பவரின் கையைச் சுடும்.

இனி, மருந்துக்கு முன்னால் வரவேண்டியதைப் பற்றி. இந்த மடலை எழுதத் தூண்டியதே அதுதான்.

வரோவா உண்ணி செம்பழுப்பு நிறம், ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான அகலம். நண்டைப் போல நீளத்தைவிட அகலம் கூடுதல். பெரும்பாலான நேரம் தேனீயின் அடிவயிற்றுத் தகடுகளுக்கு இடையே ஒளிந்திருப்பதால், அடை கட்டிய மரச்சட்டத்தை வெளியே எடுத்துப் பார்த்து "உண்ணி இல்லை" என்று சொல்வதில் பொருள் இல்லை. கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால், அதாவது சிறகு கசங்கிய இளம் தேனீக்கள் தரையில் ஊரத் தொடங்கிவிட்டால், கூடு ஏற்கெனவே கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சிறகைக் கெடுப்பது உண்ணி பரப்பும் வைரஸ். உண்ணியோ தேனீயின் கொழுப்புத் திசுவைத் தின்று வாழ்கிறது. தேனீயின் ஆயுளையும் எதிர்ப்புச் சக்தியையும் தாங்கி நிற்பது அந்தத் திசுதான்.

எண்ணுவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அகன்ற வாய் உள்ள ஒரு கண்ணாடிச் சாடி, மூடிக்குப் பதிலாகக் கம்பிவலை, இரண்டு மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை, ஒரு வெள்ளைத் தட்டு. புழு உள்ள சட்டத்திலிருந்து, ராணி இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, அரைக் கோப்பைத் தேனீக்களைச் சாடியில் உதறவேண்டும். அது ஏறக்குறைய 300 தேனீ. சர்க்கரையைப் போட்டு மெதுவாக உருட்டி, இரண்டு நிமிடம் நிழலில் வைத்து, பிறகு தட்டின் மேல் கவிழ்த்துக் குலுக்கினால் உண்ணிகள் சர்க்கரையோடு விழும். சிறிது தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து செம்புள்ளிகள் மட்டும் நிற்கும். எண்ணி மூன்றால் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்று கிடைக்கும். தேனீக்கள் உயிரோடு பெட்டிக்குத் திரும்பும், மற்றவை அவற்றை நக்கிச் சுத்தம் செய்துவிடும். நூறுக்கு 2 அல்லது 3 வந்தால் மருந்தைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றுமே வராத பெட்டியில் அமிலம் வைப்பது வீண் துன்பம். எங்கள் ஊர் ஈரக்காற்றில் சர்க்கரை கட்டியாகிவிடும் நாட்களில் இந்த முறை குறைத்துக் காட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது சோப்புத் தண்ணீரில் அலசி எண்ணவேண்டும். அதில் 300 தேனீக்கள் சாகும். மனம் கேட்பதில்லைதான். ஆனால் முப்பதாயிரம் தேனீக்கள் உள்ள கூட்டைக் காப்பாற்ற அது தேவைப்படும் நாளும் உண்டு.

மருந்து வைத்த பிறகும் எண்ணவேண்டும். நான் பார்த்த அளவில் இதை எவரும் செய்வதில்லை. மருந்து வேலை செய்ததா என்று தெரியாமலே அடுத்த ஆண்டும் அதையே வாங்குகிறோம்.

பருவத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். எங்களுக்கு ரப்பர் மரம் தேன் தருவது ஆண்டின் தொடக்க மாதங்களில். புதுத்தளிரின் காம்பில் சுரக்கும் தேன் அது. அந்த மாதங்களில் தேன் தட்டு பெட்டியின் மேல் இருக்கும்போது எந்த மருந்தும் உள்ளே போகக்கூடாது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பின் வெயில் தணிகிறது, தேன் தட்டும் இறக்கப்பட்டிருக்கிறது. ராணி முட்டையிடுவது குறையும் பஞ்ச காலமும் அதுவே. நம் ஊரில் பார்மிக் அமிலத்துக்கு ஏற்ற காலம் ஏதாவது இருந்தால் அதுதான். அப்போதும் மாலையில், வாசலை முழுதாகத் திறந்து, பலமுள்ள கூட்டில் மட்டும்.

அதே பஞ்ச காலத்தில் பார்மிக் அமிலம் கையாள விருப்பம் இல்லாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. ராணியைச் சிறு கூண்டில் 24 நாள் அடைத்துவைத்தால், கூட்டில் இருந்த வேலைக்காரத் தேனீப் புழுக்கள் 21 நாளிலும், ஆண் தேனீப் புழுக்கள் 24 நாளிலும் வெளியே வந்துவிடும். உண்ணி இனப்பெருக்கம் செய்ய அறை கிடைக்காது. எல்லா உண்ணியும் தேனீக்களின் மேல் வெளிப்படையாக இருக்கும் அந்த நாளில், சர்க்கரைப் பாகில் கலந்த ஆக்சாலிக் அமிலத்தைச் சட்டங்களின் இடைவெளிக்கு 5 மில்லி வீதம் ஒரே ஒரு முறை சொட்டவிட்டால் போதும். இது மூடிய அறைக்குள் புகாது. அதனால்தான் புழு இல்லாத நாளுக்காகக் காத்திருக்கிறோம். கூண்டுக்கும் பொறுமைக்கும் பெரிய செலவு இல்லை. ஆண் தேனீ அறைகள் நிறைந்த அடையை அவை பொரிப்பதற்கு முன் வெட்டி எடுப்பதும் உதவும். உண்ணி பெரிதும் விரும்பிப் போவது அங்கேதான். வெட்டத் தவறினால் அதுவே உண்ணிப் பண்ணையாகிவிடும் என்ற எச்சரிக்கையும் உடன் வரவேண்டும்.

கடைகளில் பூச்சிக்கொல்லி வாங்கி, அட்டைத்துண்டில் நனைத்துச் சட்டங்களுக்கு நடுவே தொங்கவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. மாட்டு உண்ணிக்கு விற்கும் அமிட்ராஸையும் சிலர் அளவு தெரியாமல் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். இவர்கள் குற்றவாளிகள் இல்லை. கூட்டைக் காப்பாற்ற வேறு வழி எவரும் காட்டாததால் தவிக்கிறார்கள். ஆனால் புளுவாலினேட் போன்ற உண்ணிக்கொல்லி மருந்துகள் மெழுகில் கரைந்து தங்கிவிடும். அந்த மெழுகை உருக்கி நாம் மீண்டும் அடித்தாள் (தேனீ அடை கட்டுவதற்கு அடித்தளமான மெழுகுத்தாள்) வார்க்கிறோம், அதன் மேல் அடுத்த தலைமுறைப் புழுக்கள் வளர்கின்றன. குறைந்த அளவில் நெடுநாள் மருந்தில் ஊறிய உண்ணி, அந்த மருந்துக்கே சாகாத உண்ணியாக மாறும். இத்தாலியில் 1990களின் தொடக்கத்திலேயே இது நடந்தது. தேனில் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டால் விழும் அடி, அட்டையைத் தொங்கவிட்ட ஒருவருக்கு மட்டும் அல்லாமல் மாவட்டத்தின் எல்லாத் தேனுக்கும் விழும்.

இந்தியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கும் இதே உண்ணி மருந்துக் குறிப்பைத் தருகிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். இந்தியத் தேனீக்கு வரோவா புது எதிரி இல்லை, தொன்றுதொட்ட விருந்தாளி. இந்தியத் தேனீயின் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீ அறையில்தான் பெருகும். தேனீக்கள் ஒன்றையொன்று துப்புரவு செய்து உண்ணியைப் பிடித்துக் கடித்துவிடும். அந்தச் சிறிய கூட்டில் அமிலத்தை வைத்தால் உண்ணியைவிடத் தேனீதான் முதலில் பெட்டியை விட்டு ஓடும். சேக்புரூட் வைரஸுக்கும் அமிலத்துக்கும் தொடர்பே இல்லை. புழு செத்தால் உடனே "உண்ணி மருந்து" என்று கைநீட்டும் எங்கள் ஆட்களுக்கு இந்த வேறுபாட்டைக் காட்டித்தருவது உங்கள் கடமை.

தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்துக்கு ஒன்றிய அரசு 500 கோடி ரூபாய் ஒதுக்கியது. கதர் கிராமத் தொழில் ஆணையமும் பல ஆண்டுகளாகப் பெட்டிகள் வழங்கிவருகிறது. எத்தனை பெட்டி கொடுத்தோம் என்று அறிக்கையில் வருகிறது. இரண்டாம் ஆண்டு அவற்றில் எத்தனை பெட்டியில் தேனீ உயிரோடு இருக்கிறது என்ற எண்ணையும் அதே அறிக்கையில் எழுதுங்கள். ஒவ்வொரு பெட்டியோடும் வலைமூடியிட்ட ஒரு சாடியும் ஒரு வெள்ளைத் தட்டும் தாருங்கள். அமிலத்தை நேரடியாக ஊற்றும்படி சொல்வதற்குப் பதிலாக, அளவு போட்டு ஆவியை மட்டுப்படுத்தும் பட்டையாகவோ குப்பியாகவோ, வெப்பநிலை எல்லை தமிழில் அச்சிட்ட உறையோடு கிடைக்கச் செய்யுங்கள். முகக்கவசத்தையும் கையுறையையும் மானியப் பட்டியலில் சேருங்கள். பழைய மெழுகைச் சோதித்துச் சொல்ல மாவட்டத்துக்கு ஓர் இடம் வேண்டும். இவற்றில் ஒன்றுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால் சாடியைத் தாருங்கள்.

இந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பின் வரும் முதல் வெயில் நாளில் என் பெட்டிகளை எண்ணப்போகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி அளிக்கும் அலுவலர் எவரேனும் வந்தால் நாங்கள் மகிழ்வோம். சர்க்கரையை நான் பொடித்து வைத்திருப்பேன்.

அன்புடன்,
குமரி மாவட்டத்துத் தேனீ வளர்ப்பாளர் ஒருவர்