நேரத்தை டிக்கெட்டிலேயே அச்சிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டன் ரயில்களில் ஆஃப்-பீக் டிக்கெட்டோடு (நெரிசல் நேரமான ‘பீக்’ தவிர்த்த நேரத்துக்கான மலிவு டிக்கெட்) ஏறி, பரிசோதகரிடம் மாட்டிக்கொண்டு விழிப்பவர்களைப் பற்றி எழுதத் தோன்றியது.

காலையில் பீக் முடியும் நேரமான 9.30 மணி லண்டன்வாசிகளுக்கு மனப்பாடம். டியூபில், அதாவது பாதாள ரயிலில், கார்டைத் தட்டும் நேரம்தான் கணக்கு. ரயில் டிக்கெட்டுக்கோ அட்டவணை நேரம்தான் கணக்கு. 9.26 வண்டி தாமதமாகி 9.35க்குக் கிளம்பினாலும் அது பீக் வண்டியேதான்! மாலையில் லண்டனிலிருந்து கிளம்பும்போது சில தடங்களில் ஆஃப்-பீக் டிக்கெட்டுக்குத் தடை உண்டு, சிலவற்றில் இல்லை. இளைஞர்களுக்கான சலுகை அட்டையான 16-25 ரயில்கார்டு வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு வார நாள்களில் காலை 10 மணி வரை குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. ஜூலை, ஆகஸ்டில் மட்டும் அது கிடையாது. இதையெல்லாம் யார் நினைவில் வைத்திருப்பது?

சமீபத்தில் ஒரு மாலை வண்டியில் எதிர் இருக்கையில் நம் ஊர் அம்மா ஒருவர். பரிசோதகர் "இது செல்லாது" என்றதும் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆஃப்-பீக் என்று இருந்தது, எந்த நேரத்தில் செல்லாது என்று எங்குமே இல்லை. இரண்டெழுத்தில் ஒரு குறியீடு மட்டும். அதன் பொருளைப் பரிசோதகரே கையிலிருந்த கருவியில் தேடிப் பார்த்துத்தான் சொன்னார். சொல்லிவிட்டு, முழு விலைக்குப் புது டிக்கெட் எடுக்கச் சொன்னார். ஆனால் தேசிய ரயில் பயண விதிகளின்படி, தேதி சரியாக இருந்து நேரம் மட்டும் தவறினால், அந்த வண்டியில் செல்லுபடியாகும் மிகக் குறைந்த கட்டணத்துக்கும் கொடுத்த பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டினால் போதும். (அட்வான்ஸ் டிக்கெட் வேறு கதை, குறித்த வண்டியைத் தவிர வேறெதிலும் செல்லாது.) நானும் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். "சரி, அப்புறம் மேல்முறையீடு செய்யச் சொல்லுங்கள்" என்று அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

வித்தவுட்டில் வருபவரைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நேரம் தவறியவரையும் அதே தராசில் நிறுத்துவதுதான் கொடுமை. 2024இல் மான்செஸ்டர் பக்கம் ஓர் இளைஞர் ரயில்கார்டின் 12 பவுண்டு விதி தெரியாமல் 1.90 பவுண்டு குறைவாகக் கொடுத்ததற்கு ரயில் நிறுவனத்திடமிருந்து வழக்கு மிரட்டலே வந்தது. ஊரே கொதித்த பிறகுதான் கைவிட்டார்கள். அதே ஆண்டு, ரயில் நிறுவனங்கள் 1889ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தவறான நடைமுறையில் தொடுத்த சுமார் 74,000 வழக்குகளின் தண்டனைகள் செல்லாது என்று தலைமை மாஜிஸ்திரேட் தீர்ப்பளித்தார். ரயில், சாலை ஒழுங்குமுறை ஆணையமும் 2025 ஜூனில், சரியான டிக்கெட் வாங்குவதை எளிதாக்குங்கள், எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுங்கள் என்று அறிக்கை கொடுத்தது. ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வருகின்றன; நம் கிழக்கு லண்டனின் சி2சி நிறுவனமும் 2025இல் வந்துவிட்டது. இனியாவது ஆளுக்கொரு விதி எதற்கு? குறியீட்டை எடுத்துவிட்டு நேரத்தை அச்சிடுவதில் என்ன கஷ்டம்?

அதுவரை, அந்த வித்தியாசக் கட்டண விதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பெட்டிச் செய்தியாகத் தாங்கள் வெளியிட வேண்டும். வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டால், பரிசோதகரிடம் நீட்ட உதவும்.

– ஒரு வாசகர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.