கழுவெளி எல்லைக்கு வெளிய இருக்குற பட்டாக்காரங்க கிட்டயும் பேசுங்க

வனத்துறை அதிகாரிகளுக்கும் விழுப்புரம் மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

நான் மரக்காணம் பக்கத்துக்காரன். 2021 டிசம்பர்ல கழுவெளி ஏரிய பறவைகள் சரணாலயம்னு அறிவிச்சப்போ சந்தோஷப்பட்டவன், 2024 ஆகஸ்ட்ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல சேர்ந்தப்போ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லாம் வச்சேன். 5,151 ஹெக்டேர், தமிழ்நாட்டுல பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி, எல்லாம் பெருமைதான். ஆனா உங்க மேப்ல இருக்குற கோட்டுக்கு வெளியதான் பாதி கதையே நடக்குது.

ஐப்பசி கார்த்திகை மழையில திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிங்க நிரம்பி கலங்கல் வழிஞ்சு ஓடை ஓடையா வந்து சேருற தண்ணியாலதான் கழுவெளி நிறையுது, கிழக்க எடையன்திட்டு முகத்துவாரம் பக்கத்துல இருந்து கடல் தண்ணி ஏறுது. ரெண்டும் கலக்குற எடத்துலதான் மீன், இறால், பறவை எல்லாம். அந்த ஓடையில ஒண்ண மனை போடுறதுக்கு மூடிட்டா சரணாலயத்துக்குள்ள ஒரு செங்கல் கூட வைக்காமலே சரணாலயத்த காய வச்சிடலாம்.

போன தை மாசம் விடியக்காலையில எங்க சித்தப்பா வயலுக்குப் போனேன். அறுப்பு முடிஞ்சு தாளு மட்டும் நிக்குது, நடுவுல கணுக்கால் அளவு தண்ணி, அதுல மூக்கன்னு சொல்ற நீள மூக்குப் பறவைங்க கூட்டம் ஒண்ணு தைக்கிற ஊசி மாதிரி மூக்க சேத்துல குத்திக் குத்தி எடுக்குது. அந்த வயலு சரணாலயத்துல இல்ல, பட்டா நெலம். பறவைக்கு சர்வே நம்பர் தெரியாது பாருங்க. அதே வயல ஈசிஆர் ரோட்டு ஆளு ஒருத்தர் வந்து வெல பேசிட்டுப் போயிருக்கார், இன்னொருத்தர் இறால் குட்டைக்கு லீசுக்குக் கேட்டிருக்கார். சித்தப்பா இன்னும் குடுக்கல. குடுத்தா அவர நான் தப்பு சொல்ல மாட்டேன், நெல்லுல என்ன மிஞ்சுது சொல்லுங்க.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான். அந்த மாதிரி பட்டாக்காரங்களோட, பஞ்சாயத்தோட உக்காந்து ஒப்பந்தம் போடுங்க. நெலம் அவங்களதாவே இருக்கட்டும், ஓடைய மூடக்கூடாது, குட்டை வெட்டக்கூடாது, மாசி வரைக்கும் தண்ணி நிக்கட்டும், அதுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை. சட்டத்துலயே வழி இருக்கு, வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்துல 2002 திருத்தத்துல கொண்டுவந்த சமூகக் காப்பகம்ங்கிறது அதுதானே? நெலத்துக்காரர் தானா முன்வந்தா அவர் நெலத்த அரசு அப்படி அறிவிக்கலாம், நிர்வாகக் கமிட்டியில ஊர் ஆளுங்களுக்கும் எடம் உண்டு.

ஊர் ஜனம் ஒத்து வராதுன்னு மட்டும் சொல்லாதீங்க. வேடந்தாங்கல பாருங்க. பறவைய சுடுறாங்கன்னு ஊர்க்காரங்க போய் முறையிட்டு, 1798லயே கலெக்டர் கிட்ட இருந்து பாதுகாப்பு உத்தரவு வாங்கியிருக்காங்க. எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம், பறவை வந்தா வெள்ளாமைக்கு லாபம்னு அவங்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு வெடி போடாம இருக்குறதும் அதனாலதான். எங்க ஊருக்கும் அப்படி ஒரு லாபத்த கண்ணுல காட்டுங்க.

இதுவரைக்கும் நடந்தது வேற. சரணாலயம்னு அறிவிச்ச புதுசுல ஒரு கூட்டம் போட்டாங்க, மாட்ட உள்ள ஓட்டலாமா, கோரை அறுக்கலாமான்னு சித்தப்பா எந்திரிச்சு கேட்டார், மேடையில இருந்தவர் பாத்துச் சொல்றோம்னாரு. இன்னும் பாத்துக்கிட்டே இருக்காங்க போல. பதில் வராத ஊர்ல வதந்திதான் ஓடும், நெலத்த புடுங்கப் போறாங்கன்னு பயந்தே சிலபேர் வந்த வெலைக்குத் தள்ளிவிடப் பாக்குறாங்க.

ஜனவரி 26 கிராமசபைக்கு உங்க ஆள் ஒருத்தர அனுப்புங்க. ஓடையெல்லாம் குறிச்ச மேப்ப தமிழ்ல போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க. மாட்டுக் கேள்விக்கு பதிலும் கையோட கொண்டு வரட்டும், சித்தப்பா முதல் வரிசையிலதான் உக்காருவார்.