டோனி அயோமியின் இரண்டு விரல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளாக் சாபத் என்ற இசைக்குழுவின் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்தபோது உங்கள் நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி ஒன்று வந்தது. வௌவால் தலையைக் கடித்த சம்பவம் அதில் இருந்தது, 'சாத்தான் இசை' என்ற சொல் இருந்தது, 'காதைக் கிழிக்கும் கூச்சல்' என்றும் இருந்தது. அவர் எந்த ஊர்க்காரர், பாட வருமுன் என்ன வேலை பார்த்தார், கூட வாசித்த மூன்று பேர் யார் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், கோபத்தில் எழுதக்கூடாது என்று எடுத்து வைத்துவிட்டேன். கோபம் ஆறிவிட்டது, வருத்தம் ஆறவில்லை, அதனால் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

நான் கோவை கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 57. ஐ.டி.ஐ.யில் டர்னர் முடித்து 1986இல் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நான் தங்கியிருந்த லைன் வீட்டில் பக்கத்து அறையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் ஒரு டிடிகே 90 கேசட்டைக் கொடுத்தார். ஒரு பக்கம் பிளாக் சாபத், மறுபக்கம் ஜூடாஸ் பிரீஸ்ட், இரண்டும் 'ஹெவி மெட்டல்' என்கிற கனத்த கிட்டார் இசை வாசிக்கிற குழுக்கள். யாரோ யாரிடமோ வாங்கிப் பதிந்து, அதிலிருந்து இன்னொருவர் பதிந்து, நாலைந்து கை மாறி வந்த கேசட், அதனால் பாட்டுக்கு முன்னால் இரைச்சல்தான் வரும். அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய பெயர்கள் வியர்வையில் பாதி அழிந்திருந்தன. செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துவிட்டு, லைட்டை அணைத்துப் படுத்துக்கொண்டு போட்டேன். மழைச் சத்தம். தூரத்தில் ஒரு சர்ச் மணி. அப்புறம் மூன்றே மூன்று சுரம், அவ்வளவு மெதுவாக, அவ்வளவு கனமாக. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பகல் முழுக்கக் காதில் கேட்ட சத்தத்தை யாரோ பாட்டாக்கியிருக்கிறார்கள் என்றுதான் அந்த வயதில் எனக்குத் தோன்றியது.

அந்த மூன்று சுரத்தைத்தான் உலகம் முழுக்க சாத்தான் சுரம் என்று சொல்கிறார்கள். எங்கள் தெருவில் பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சரம்மாவிடம் ஒருநாள் கேசட்டைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டுவிட்டு, "ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம் தம்பி, வேற ஒண்ணும் இல்ல" என்றார். கல்யாணியில் நாம் தினமும் கேட்கிற சுரம். ஐரோப்பாவில் பழைய சங்கீதக்காரர்கள் அந்த இடைவெளியைப் பார்த்துப் பயந்தார்கள், பெயரும் வைத்தார்கள். நமக்கு எதற்கு அந்தப் பயம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளாக் சாபத் நான் பிறந்த அதே 1968இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியில் உருவானது. கோவைக்காரனுக்கு பர்மிங்காமைப் புரியவைக்க வேண்டியதில்லை. பவுண்டரி, தகடு வேலை, கார் உதிரி பாகம், புகை, எல்லாம் இங்கே பார்க்கிறதுதான். ஆஸி ஆஸ்போர்ன் இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார், கார் ஹாரன்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையிலும் இருந்தார். கிட்டார் வாசித்த டோனி அயோமி தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டர்.

1965இல் அயோமிக்கு 17 வயது. இசைக்கே போய்விடுவது என்று முடிவெடுத்து, அன்றுதான் தொழிற்சாலையில் கடைசி நாள். மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவருக்குத் திரும்பிப் போக மனசில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மாதான் அனுப்பியிருக்கிறார். தகட்டு பிரஸ் மெஷினில் நிற்கும் ஆள் அன்றைக்கு வரவில்லை, இவரை அதில் நிறுத்தினார்கள். பழக்கமில்லாத மெஷின். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர், அதனால் கம்பியை அழுத்துகிற கை அந்த வலது கைதான்.

இதை நான் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் முதலில் ஞாபகம் வந்தது எங்கள் கம்பெனி பிரஸ் செக்‌ஷனில் ஸ்டாம்பிங் அடித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். 1988 என்று நினைவு. நான் லேத்தில் இருந்தேன். அலறல் எதுவும் கேட்கவில்லை, மெஷின் அதே தாளத்தில் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் மட்டும் இடது கையைப் பனியன் வேஸ்ட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தார், நடக்க நடக்க அந்த வேஸ்ட் சிவந்துகொண்டே வந்தது. ஊர் நோம்பிக்கு உருமி அடிக்கிறவர் அவர். அதற்கப்புறம் உருமியைத் தொடவே இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போனால்கூட கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு தள்ளி நிற்பார்.

அயோமியும் விட்டுவிடத்தான் இருந்தார். தொழிற்சாலையின் மேலாளர் ஒருவர் வீட்டுக்கு ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கேட்க வைத்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிட்டார் கலைஞர் வாசித்தது. தீ விபத்தில் கை வெந்து இரண்டு விரல் சரியாக மடங்காத மனிதர் அவர், மிச்ச இரண்டு விரலில்தான் அப்படி வாசித்தார். அதைக் கேட்ட பிறகு அயோமி செய்ததைப் பாருங்கள். பாத்திரம் தேய்க்கிற லிக்விட் சோப் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டை பிடித்தார். ஆறியதும் சால்டரிங் அயர்னால் விரல் நுழையத் துளை போட்டார். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து விரல் அளவுக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கியது, அதனால் பழைய தோல் கோட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். கனத்த கம்பியை அழுத்தினால் வலி, மெல்லிய கம்பி அப்போது கடையில் கிடைக்கவில்லை, பாஞ்சோ என்ற வேறொரு வாத்தியத்தின் கம்பியை வாங்கிக் கிட்டாரில் கட்டினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கம்பியை இன்னும் தளர்த்தி, மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். கம்பி தளரத் தளரச் சத்தம் கனத்தது. இன்றைக்கு உலகத்தில் எத்தனையோ ஆயிரம் இசைக்குழுக்கள் கிட்டாரை இறக்கிச் சுருதி கூட்டுகின்றன, அதெல்லாம் அந்தக் கையிலிருந்து வந்த வழிதான். முப்பத்தொன்பது வருஷமாக இரும்பு கடைகிறவன் சொல்கிறேன், அளவு பார்த்து அளவு பார்த்துத் தேய்த்து விரல் நுனி செய்துகொண்டது சுத்தமான பட்டறைப் புத்தி. இதை நாலு வரிச் செய்தியில் ஒரு வரியாவது போட்டிருக்கலாம் ஐயா.

சாத்தான் என்று எழுதியது பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நாலு பேர் கழுத்திலும் சிலுவை தொங்கும், பழைய படங்களில் பாருங்கள். அதைச் செய்துகொடுத்தவர் ஆஸியின் அப்பா. டூல் மேக்கர். தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் உலோகத்தில் வெட்டிச் செய்தார். பையன்களுக்குக் கெட்டது எதுவும் அண்டக்கூடாது என்று தன் கையால் சிலுவை செய்துகொடுத்த தகப்பனை நினைத்துப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லை எழுதுங்கள். அப்புறம் 1970இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டு, பேஸ் கிட்டார் வாசித்த கீசர் பட்லர் வரி எழுதியது, வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம், ஏழை வீட்டுப் பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுத் தான் பத்திரமாக இருக்கிற தளபதிகளையும் அரசியல்வாதிகளையும் பற்றிய பாட்டு. மெட்டல் ரசிகர்கள் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்பு மாதிரி தூக்கிக் காட்டுவோமே, அதைப் பரப்பியவர் ரோனி ஜேம்ஸ் டியோ. ஆஸியை நீக்கிய பிறகு பிளாக் சாபத்தில் பாடியவர், 2010இல் காலமானார். இத்தாலியிலிருந்து வந்த அவருடைய பாட்டி கண் திருஷ்டி கழிக்க அந்த விரலைக் காட்டுவாராம். திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைக்கிற ஊர் நம் ஊர், நமக்குப் புரியாதா?

கேசட்டின் மறுபக்கம், ஜூடாஸ் பிரீஸ்ட். இவர்களும் பர்மிங்காம் பக்கத்துக்காரர்கள்தான். கிட்டார் வாசிக்கும் கிளென் டிப்டன் இரும்பாலையில் வேலை பார்த்தவர், 1980இல் வந்த ஆல்பத்துக்கு அந்த ஆலையின் பெயரே தலைப்பு. அதில் இரும்பு மனிதர்கள் நடந்து வருகிற சத்தம் ஒன்று வரும். அதற்காகக் கரண்டி, கத்தி, முள்கரண்டி நிரப்பிய தட்டுகளைத் தூக்கிக் குலுக்கிப் பதிவு செய்தார்கள். கேசட்டில் கேட்டபோது ஏதோ பெரிய மெஷின் என்றுதான் நினைத்திருந்தேன். அவர்களுடைய பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் குரலுக்கு இணை மெட்டலில் யாரும் இல்லை என்பது என் முடிவான கருத்து. டிப்டனுக்கு பார்க்கின்சன் நோய் இருப்பதாக 2018இல் அறிவித்தார்கள், அதற்கப்புறமும் கடைசிப் பாட்டுகளுக்கு மேடைக்கு வந்து, நடுங்குகிற கையோடு வாசித்தார்.

அயர்ன் மெய்டன் குழுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மகள் சண்டைக்கு வருவாள். 2007 மார்ச் 17, பெங்களூரு அரண்மனை மைதானம், இந்தியாவில் அவர்களுடைய முதல் கச்சேரி. முந்தின நாள் ராத்திரி கோவையில் பஸ் ஏறினேன். அதுவரை இந்தப் பாட்டைக் கேட்கிற ஆளை விரல் விட்டு எண்ணிவிடலாம், எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். மைதானத்துக்குள் நுழைந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்புச் சட்டை. கிட்டார் வாசிக்கிற மெட்டையே, வார்த்தை இல்லாமல், அத்தனை பேரும் சேர்ந்து பாடினார்கள், நானும் பாடினேன், பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் ஒருவன் என் தோளில் கை போட்டுக்கொண்டு பாடினான், யார் என்ன என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. எனக்கு அப்போது 39 வயது, கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் கிட்டாரை வெறும் விரலால்தான் வாசிப்பார், இரண்டு விரலில் குதிரை ஓட்டம் ஓடும், அதை நேரில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். பாடகர் புரூஸ் டிக்கின்சன் விமானியும்கூட, அடுத்த வருஷச் சுற்றுப்பயணத்தில் குழு போன போயிங் 757ஐ அவரே ஓட்டினார். 1984 ஆல்பத்தில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் மாலுமிக் கவிதையை 13 நிமிடத்துக்கு மேல் பாட்டாக்கியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் நான் தூங்கிய கவிதையை அவர்கள்தான் எனக்குப் புரியவைத்தார்கள்.

மெட்டாலிக்கா குழுவைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. 1983 முதல் 1988 வரை வந்த நாலு ஆல்பத்துக்கு ஈடு கிடையாது. 1991இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பத்தைப் பழைய ரசிகர்கள் திட்டுவார்கள், நான் திட்டமாட்டேன், அது நல்ல ஆல்பம். ஆனால் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டாரே காதில் விழாது. 1986இல் ஸ்வீடனில் நடந்த பஸ் விபத்தில் அவர்களுடைய பேஸ் கிட்டார்காரர் கிளிஃப் பர்ட்டன் இறந்துபோனார், 24 வயது, அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் வாசிப்பை மிக்ஸிங்கில் அமுக்கிவிட்டார்கள். வேலை செய்தவனின் வேலையை மறைப்பது எனக்கு எந்தத் தொழிலிலும் பிடிக்காது. 2003 ஆல்பத்தின் ஸ்னேர் டிரம் தகரத்தை அடிப்பது மாதிரி இருக்கிறது, அதை ஒரு தடவைக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. இருந்தாலும் 2011 அக்டோபர் 30 பெங்களூருக்கும் போனேன், மகளையும் கூட்டிக்கொண்டு.

இப்போது அவள் எனக்குப் பாட்டு அனுப்புகிறாள். டெல்லி பிளட்டிவுட் குழு, டோல் மேளத்தையும் கிட்டாரையும் சேர்த்து அடிக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. நம் உருமியையும் ஜமாப்பையும் வைத்து யாராவது அப்படிச் செய்வார்கள் என்று காத்திருக்கிறேன்.

2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க் மைதானம். நாலு பேரும் வளர்ந்த ஆஸ்டனிலேயே கடைசிக் கச்சேரி. இருபது வருஷம் கழித்து நாலு பேரும் ஒரே மேடையில், டிரம்ஸில் பில் வார்டும் உட்பட. காசு கட்டி ஆன்லைனில் நானும் மகளும் விடிய விடியப் பார்த்தோம். ஆஸியால் நிற்க முடியவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார், எழுந்திருக்கப் பார்த்து எழுந்திருக்க முடியாமல் கையை மட்டும் தூக்கினார். வருமானம் பார்க்கின்சன் நோய்க்கான அமைப்புக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும், பிழைக்க வழியில்லாத நோயுள்ள குழந்தைகளைப் பராமரிக்கும் இல்லத்துக்கும் என்று அறிவித்திருந்தார்கள். 17 நாள் கழித்து, ஜூலை 22, அவர் போய்விட்டார். 76 வயது. பர்மிங்காம் தெருவில் ஊரே திரண்டு நின்று வழியனுப்பியது. உங்கள் செய்தியில் இருந்தது வௌவால்.

அன்று மேடையில் அயோமி நின்றுகொண்டுதான் வாசித்தார். கேமரா ஒரு தடவை அவர் கைக்குக் கிட்டே போயிற்று, அந்த இரண்டு விரலிலும் உறை தெரிந்தது. மகளை உலுக்கி அதைக் காட்டினேன்.

அவர் இருக்கிறார் ஐயா. 1948 பிப்ரவரி 19 பிறந்தவர், வரும் பிப்ரவரியில் இன்னொரு பிறந்த நாள் வருகிறது. அன்றைக்கு அவரைப் பற்றி உங்கள் நாளிதழில் ஒரு அரைப் பக்கம் எழுதுங்கள். பிரஸ், லேத், பவுண்டரியில் நிற்கிற ஆட்கள் இந்த ஊரில் உங்கள் பேப்பரைத்தான் டீக்கடையில் பிரித்துப் பார்க்கிறார்கள். படம் போடுவதாக இருந்தால் வலது கை தெரிகிற படமாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டர்னர்,
கணபதி, கோயம்புத்தூர்